முதற்குரலுக்குச் சொன்ன பதில்

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகள். பயமாக இருந்தால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகாதேவிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மதராசில் நெஞ்சு அறுத்துத் திரும்பிய இளையதம்பி வந்ததும் வராததுமாய்த் தன் கட்டிலில் சாய்ந்தார், உடனே எழும்பினார்.

"இஞ்சேர், நான் இல்லாத நேரம் ஆரடி இதிலை படுக்கிறது? சூடாக் கிடக்கு."

வல்வெட்டித்துறையில் வத்தை என்ற சரக்குத் தோணியை ஓட்டி ஓய்ந்த தண்டையல், தோணித் தலைவர் அவர். எழுபது வயதிலும் பகிடிக்குக் குறைவில்லை. அவர் மனைவி மகாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வந்து சேரும்வரை அந்த அறையை அவள் பூட்டியல்லவா வைத்திருந்தாள்.

அவருடைய பெருநாடியின் வாயில் இருந்த மடல் சுண்ணாம்பாய் இறுகிவிட்டதாம். அதை வெட்டியெடுத்து, சின்னக் கூட்டுக்குள் குண்டு ஏறியிறங்கும் வால்வு ஒன்றை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் 'டொக்' என்றது நெஞ்சு.

"இனி வீட்டுக்கு மணிக்கூடு தேவையில்லை," என்றார் அவர்.

"ஒப்பரேசன் நேரம் அப்பான்ரை நெஞ்சை நிப்பாட்டிப்போட்டு மிசினாலைதான் ரத்தத்தை ஓடவிட்டவை, அம்மா," என்றாள் கூடப் போய்வந்த மகள் பத்மாசினி. "வெள்ளிக்கிழமை மத்தியானம்."

மகாதேவி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

கடலோடி வீட்டுப் பெண்கள் வாசல் படலையில் கேட்கும் முதற்குரலுக்கு வாய் திறக்கமாட்டார்கள். உயிரோடு வருபவன் மூன்றுதரம் கூப்பிடுவான். கடல் கொண்டவன் ஒருதரம்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, செய்திக்காக ஏங்கிக் கிடந்தவள், "மகாதேவி!" என்று அவர் குரல் கேட்டதும், "ஓம், வாங்கோ!" என்று ஓடிவிட்டாள். படலையில் ஒருவருமில்லை. ஆஸ்பத்திரி மருந்து நெடி மட்டும் அவளை உரசிக்கொண்டு அறைக்குள் போனது. அன்றுதான் பூட்டுப் போட்டாள்.

இப்போது அறையை மறுபடி பூட்டிவிட்டு, அவரைக் கூடத்துச் சாய்மனைக் கதிரையிலேயே படுக்கவைத்தாள். பத்மாசினி தன் வீட்டுக்குப் போனபின், பனங்காற்று ஓய்ந்த பிற்பகல்களில், கருவாடும் மருந்தும் கலந்து மணக்கும் அந்த வீட்டில், கூடத்திலிருந்து 'டொக், டொக்' என்று அவர் நெஞ்சு கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பூட்டிய அறைக்குள் கட்டில் முனகி யாரோ புரண்டு படுப்பது கேட்டது. எதையோ உள்ளே விட்டுவிட்டேன், அது இவரைக் கொண்டுபோகக் காத்திருக்கிறது என்று நம்பினாள்.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் திருநீற்றை அள்ளிக்கொண்டு அறையைத் திறந்தாள்.

தலையணையில் ஒரு தலையின் பள்ளம்.

"நான்தான் கூப்பிட்டனான். நானே சொல்லுறன். போ! எங்கடை வீட்டை விட்டுப் போ!"

திருநீறு பள்ளத்தில் விழுந்தது. தலையணை மெல்ல உப்பி எழுந்தது. சூடான மூச்சு ஒன்று அவள் கன்னத்தருகே தயங்கி நின்று, வெளியே போனது. அந்த மூச்சை அவள் அறிவாள். கலியாணம் கட்டிய நாள்முதல் பக்கத்தில் கேட்டபடி அவள் படுத்திருந்த அவர் மூச்சு.

கூடத்தில் 'டொக்'.

'டொக்'.

பிறகு இல்லை.

ஓடினாள். கதிரையில் அவர். நெஞ்சில் காதை வைத்தாள். சத்தமில்லை. குளிர். கல்லுப்போலக் குளிர்.

"ஐயோ, நானே அனுப்பிப்போட்டனே!"

அவள் தலையில் ஒரு கை படிந்தது.

"ஏனப்பா அழுகிறாய்?" என்றது அந்த வாய். "தேத்தண்ணி ஊத்தன்."

நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. முகத்தில் சிரிப்போடு, கதிரையின் கைகளை ஊன்றி, அது எழும்பிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள், என் செல்லங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்களிடம் திரும்பி வருகிறவர்கள் உடலோடும் உயிரோடும் முழுதாய் வந்து சேரட்டும்.