மாடிப்படி எந்தப் பக்கம்?

போன் அடித்தது.

மேடையில் நின்றிருந்த சிவேந்திரன் அதை எடுக்காமலே அமுக்கினார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். எதிரே வரிசையாக ஆசிரியர்கள். அவர் கழுத்தில் ரோஜா மாலை. மாநிலத்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆவணங்களை ஒழுங்காகப் பராமரித்ததற்கு இன்று அவருக்குப் பாராட்டு!

"ஒரு கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னம்னு அரசாங்கம் அறிவிச்சா மட்டும் போதாது. வருஷா வருஷம் ஒருத்தர் உள்ள போய்ப் பார்த்து எழுதணும். அந்த ஒருத்தர் நான்தான்!"

கைதட்டல்!

மறுபடியும் போன்.

இந்த முறை திரும்பி நின்று எடுத்தார்.

"மிஸ்டர் சிவேந்திரனா? இன்ஸ்பெக்டர் முகுந்தன், கிள்ளான். துறைமுக டாக்டர் பங்களா உங்க லிஸ்ட்லதானே இருக்கு?"

"ஆமா... ஏன் கேக்குறீங்க?"

"மாடி ரூம்ல ஒரு பிணம் இருக்கு சார். உங்க ரிப்போர்ட்ல அதைப் பத்தி ஒண்ணும் காணோமே?"

சிவேந்திரனின் காலுக்கடியில் மேடை நழுவியது.

கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது...

கிள்ளான் போகும் வழியெல்லாம் நெரிசல். ஏசி காற்றிலும் அவருக்கு வியர்த்தது.

காரணம் பிணம் அல்ல.

அந்தப் பங்களாவுக்குள் அவர் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை!

முதல் வருஷம் மழை என்று போகவில்லை. அடுத்த வருஷம் வேலை அதிகம். அப்புறம் காரணமே தேவைப்படவில்லை. பங்களாக்காரர் ராதாகிருஷ்ணன் வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்புவார். இவர் ஆபீஸில் காப்பி குடித்துக்கொண்டே 'எல்லா அறைகளும் நேரில் பார்வையிடப்பட்டன' என்று அடித்துக் கையெழுத்துப் போடுவார்.

யாருக்கு என்ன நஷ்டம்? பழைய கட்டடம்தானே?

அப்படித்தான் நினைத்திருந்தார்... இன்று காலை வரை.

பங்களா வாசலில் மஞ்சள் நாடா. இரண்டு போலீஸ் வண்டிகள்.

கூடத்தில் இன்ஸ்பெக்டர் முகுந்தன் சூயிங்கம் மென்றுகொண்டு நின்றார். அவர் பக்கத்தில் ராதாகிருஷ்ணன், கையில் கைக்குட்டையோடு. மூலையில் ஒரு பெண், அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"செத்தவர் பேரு இராமலிங்கம். ராதாகிருஷ்ணனோட அண்ணன். இந்தப் பங்களாவுல பாதி அவருக்கு. அந்தப் பொண்ணு யோகேஸ்வரி, அவரோட மகள். ஈப்போவுல டீச்சர்," என்றார் முகுந்தன்.

இராமலிங்கம்!

அந்தப் பெயர் சிவேந்திரனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்...

"அண்ணன் காசிக்குப் போறேன்னு சொன்னாரு சார்," ராதாகிருஷ்ணன் விம்மினார். "வருஷா வருஷம் போவாரு. போனா போனைத் தொட மாட்டாரு. நாங்க அப்படியே நினைச்சுக்கிட்டு இருந்தோம்..."

"இமிகிரேஷன்ல கேட்டேன். அவர் நாட்டை விட்டே போகல," என்றார் முகுந்தன். "அப்பாவைக் காணோம்னு இந்தப் பொண்ணு இன்னைக்கு வந்து பூட்டை உடைச்சிருக்கு. பின்மண்டையில அடி. செத்து ஆறு வாரம் இருக்கும், ஒரு வாரம் முன்ன பின்ன ஆகலாம்னு டாக்டர் சொல்றாரு. அதான் சிக்கல்."

"என்ன சிக்கல்?"

"நீங்கதான் சார் சிக்கல்! மார்ச் பன்னிரண்டாம் தேதி, சரியா ஆறு வாரம் முன்னாடி, எல்லா ரூமையும் பார்த்தேன், காலின்னு எழுதியிருக்கீங்க. அப்போ கொலை அதுக்கு அப்புறம்தான் நடந்திருக்கணும்."

ராதாகிருஷ்ணன் மூக்கைச் சிந்தினார். "சாருக்கு அன்னைக்கு வீட்டைக் காட்டிட்டு நேரா ஏர்போர்ட் போனேன். ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல மகன் வீடு. நேத்துதான் திரும்பி வந்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து எவனோ..."

"சரி. அந்த ரூமை நீங்க எப்படிப் பார்த்தீங்கன்னு காட்டுங்க சார்," என்றார் முகுந்தன். "முன்னால போங்க. மாடிக்கு."

சிவேந்திரன் நிமிர்ந்து பார்த்தார்.

கூடத்தில் நான்கு கதவுகள்.

மாடிப்படி எங்கே...?

இடப்பக்கக் கதவை நோக்கி ஓர் அடி வைத்தார். நின்றார். வலப்பக்கம் திரும்பினார். காதுமடல் எரிந்தது. தலைநரைத்த அதிகாரி, பாராட்டு வாங்கின கையோடு, தான் பத்து வருஷமாக 'நேரில் பார்த்த' வீட்டுக்குள் வழி தெரியாமல் நின்றார்!

"இந்தப் பக்கம் சார்!" ராதாகிருஷ்ணன் சட்டென்று முன்னால் வந்தார். "சாப்பாட்டு ரூமுக்குப் பின்னால. அன்னைக்கு நாம போனோமே, மறந்துட்டீங்களா? எத்தனை வீடு பார்க்குறாரு, பாவம், ஞாபகம் இருக்குமா?"

"ஆ... ஆமா. இந்தப் பக்கம்தான்."

முகுந்தன் போன் வந்ததுபோல் வெளியே போனார்.

ராதாகிருஷ்ணன் சிவேந்திரனின் காதருகே குனிந்தார்.

"பயப்படாதீங்க சார். நீங்க வரலன்னு எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். என் வாயில இருந்து வராது. வந்தேன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சது லா! இல்லன்னா உங்க வேலை, பென்ஷன், பேரு... எல்லாம் போயிடும்."

எவ்வளவு நல்ல மனிதர்!

அண்ணனைப் பறிகொடுத்த நேரத்திலும் எனக்காக யோசிக்கிறாரே...

சிவேந்திரனின் கண் கலங்கியது. தலையாட்டினார்.

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

"அங்கிள்... நீங்கதான் அந்த பாரம்பரிய ஆபீஸ் சாரா?"

"ஆமாம்மா."

"அப்பா உங்களைப் பத்திச் சொல்வாரு. சித்தப்பா மாடிச் சுவரை எல்லாம் திருட்டுத்தனமா இடிக்கிறாரு, தானா விழுந்துச்சுன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க, வித்துடலாம்னு பார்க்குறாரு, அந்த சார் வந்து ஒரு தடவை பார்த்தா போதும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. உங்களுக்குப் போன் பண்ணாராமே?"

பண்ணினார்.

நான்கைந்து தடவை பண்ணினார். 'சார், கொஞ்சம் வந்து மாடிக்கு ஏறிப் பாருங்க சார்' என்று கெஞ்சினார். கடைசியில் அந்தத் தொல்லை தாங்காமல் சிவேந்திரன் ஒரு மெசேஜ் தட்டிவிட்டார்.

'வந்து பார்த்துவிட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது.'

அதற்குப் பிறகு இராமலிங்கம் கூப்பிடவே இல்லை...

"நீங்க வந்தப்போ அப்பா உயிரோட இருந்தாரா அங்கிள்? உங்ககிட்ட பேசுனாரா? கடைசியா அவரைப் பார்த்தது நீங்களா இருக்குமோன்னுதான்..."

அவள் திட்டவில்லை. ஏதாவது சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

அந்தப் பார்வையைச் சிவேந்திரனால் தாங்க முடியவில்லை.

"நான் வரலம்மா."

"சார்!" ராதாகிருஷ்ணன் பல்லைக் கடித்தார்.

"நான் இங்க வந்ததே இல்லம்மா!" குரல் உடைந்தது. "இன்னைக்குத்தான் இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கிறேன். அந்த ரிப்போர்ட் பொய். படமெல்லாம் உங்க சித்தப்பா அனுப்புனது. உங்கப்பா கூப்பிட்டாரு, கெஞ்சுனாரு... நான் போகல. போயிருந்தா..."

சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கே உறைத்தது.

ரிப்போர்ட் பொய் என்றால்...

மார்ச் பன்னிரண்டில் அறை காலி என்பதற்குச் சாட்சியே இல்லை! அதற்கு முன்பே கொலை நடந்திருக்கலாம். அப்போது ராதாகிருஷ்ணன் பெர்த்தில் இல்லை. இங்கேதான் இருந்தார்! பிணத்தைப் பூட்டி வைத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறார்!

இத்தனை நேரம் இந்த மனிதர் காப்பாற்றியது என்னை அல்ல... என் பொய்யை!

சிவேந்திரன் திரும்பினார்.

ராதாகிருஷ்ணன் பக்கத்தில் இல்லை!

பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே தடதடவென்று ஓட்டம்... ஒரு அலறல்... 'டமார்!'

சிவேந்திரன் எட்டிப் பார்த்தார். புல்லில் முகம் கவிழ்ந்து கிடந்த ராதாகிருஷ்ணனின் முதுகில் ஒரு போலீஸ்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். முகுந்தன் நிதானமாக விலங்கை மாட்டினார்.

"எங்க பாஸ் அவசரம்? மறுபடியும் பெர்த்தா?"

"அவன்தான் லா முதல்ல கையை ஓங்குனான்!" ராதாகிருஷ்ணன் புல்லைத் துப்பிக்கொண்டு கத்தினார். "இடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாதுன்னு... நான் தள்ளித்தான் விட்டேன்!"

வண்டி அவரை ஏற்றிக்கொண்டு பாலாய்க்கு, போலீஸ் நிலையத்துக்கு, பறந்தது.

சிவேந்திரன் யோகேஸ்வரியின் முன் போய் நின்றார். கை கூப்பினார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் அங்கிள்," என்றாள் அவள். "அப்பா கேட்டாரே... இப்பவாவது மேல ஏறிப் பாருங்க."

ஏறினார்.

ஒவ்வொரு படியும் முனகியது. மேலே பாதிச் சுவர் இல்லை. உடைந்த செங்கல், சிமெண்ட் தூசி. தரையில் போலீஸ் சாக்பீஸால் வரைந்த மனித உருவம். ஒரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது.

வெகுநேரம் அங்கேயே நின்றார். இறங்கி வரும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்ஸ்பெக்டர்... நான் சொல்லலன்னா அவன் தப்பிச்சிருப்பான்ல?"

முகுந்தன் சிரித்தார்.

"உங்க ரிப்போர்ட் பொய்னு உங்க ஆபீஸ்ல ஃபைலைத் திறந்தப்பவே தெரியும் சார். படத்துல வாசல் பூரா தீபாவளி லைட்டு தொங்குது. மார்ச்ல எந்த ஊர்ல தீபாவளி?"

சிவேந்திரன் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சுமா... என்னை மாடிப்படி தேட விட்டீங்க?"

"நீங்க முழிச்சா யார் ஓடி வந்து வழி காட்டுறாங்கன்னு பார்க்கணும்ல? அந்தப் பொய் யாருக்கு வேணுமோ அவன்தான் வருவான். வந்தான். ஆனா படம் கோர்ட்டுல வந்து பேசாது சார். நீங்க பேசணும். பேசிட்டீங்க, வாசல்ல நின்னு கேட்டேன்."

ஆக... வந்ததிலிருந்தே எல்லாம் தெரிந்த மனிதர் முன்னால்தான் அத்தனை நடிப்பும்!

சிவேந்திரன் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன் இன்ஸ்பெக்டர். இந்த வீடு மட்டும் இல்ல... என் லிஸ்ட்ல இருக்கிற பாதிக் கட்டடத்துக்கு நான் போனதே இல்ல."

முகுந்தன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

கார் சாவியை எடுத்தார்.

"எழுந்திருங்க சார், எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடலாம். எந்த மாடியில யாரு படுத்துக்கிட்டு உங்க கையெழுத்துக்காகக் காத்திருக்காரோ!"