ஈனாத கிடேரியின் பால்

கன்றே ஈனாத அந்தக் கிடேரி, கன்றைக் கூப்பிடும் குரலில் முனகியது.

ரெங்கம் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரையின் மாடுகளைப் பார்த்துக்கொண்டவள் பேச்சியம்மாள். வாய் திறக்காமல் அடிவயிற்றிலிருந்து எழும் அந்த முனகல் எதற்கென்று அவளுக்குத் தெரியும். புண்ணாக்கு வாளியை வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். கிடேரியின் மடி பருத்துத் தொங்கியது.

"ஊசி வேலை செய்யுதும்மா," என்றான் மணியம். மாட்டு டாக்டரோடு சிங்கப்பூரிலிருந்து மருந்துப் பெட்டி தூக்கி வந்தவன். "சினை பிடிக்காத மாட்டையும் கறக்க வைக்கலாமான்னு டாக்டர் சோதிச்சுப் பாக்குறாரு."

"மருந்து எதுல செய்யுறாங்கய்யா?"

"அறுத்த பசுவுங்க மூளைக்கு அடியில சின்னதா ஒரு சுரப்பி இருக்கும். அதோட சாறுதான். பாலை ஊறச் சொல்றதே அதுதானாம்."

"கன்னு போட்ட பசுவுங்களா? அதுங்க கன்னுங்க என்னாச்சு?"

மணியம் பெட்டியைப் பூட்டினான். "அதையெல்லாம் யாரும்மா கேக்குறா?"

மாசியில்தான் பேச்சியம்மாளின் கைக்குழந்தை மலேரியாவில் இறந்திருந்தது. பால் கட்டி மார்பு கல்லானபோது மல்லிகைப்பூ வைத்துக் கட்டி வற்ற வைத்தாள். அன்று மாலை கிடேரி மறுபடி முனகியதும், வற்றிய மார்பு சுருக்கென்றது. ரவிக்கை நனைந்தது.

"ஏங்க, அந்தக் கொட்டாய்க்கு நான் போவல," என்றாள் புருஷனிடம்.

காளியப்பன் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எல்லாம் மனசுதான் புள்ள. போவலன்னா துரை சும்மா விடுவாரா?"

மறுநாள் மழை. தகரக் கூரை இரைய, ரப்பர் மரங்களுக்கிடையே இருட்டு முன்னதாகவே இறங்கிவிட, சாணமும் நனைந்த லாலாங் புல்லும் கலந்த வாடைக்கு அடியில் சீம்பாலின் இனிப்பு நெடி தொண்டை வரை ஏற, அவள் மெல்ல உள்ளே போனாள். கிடேரி எதையோ நக்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கன்றின் நெற்றி இருக்கும் உயரத்தில் வெறும் காற்று. பிறகு, சற்றுத் தள்ளி இன்னொன்றை நக்கியது. அப்புறம் இன்னொன்றை.

காம்புகள் இழுபட்டன. நான்கும். ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக. பால் பீறிட்டது. தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

ஓட நினைத்தாள்.

தரையில் பரப்பியிருந்த புல் அழுந்தியது. குளம்பளவு. அவளை நோக்கி. காம்பு கிடைக்காத ஒன்று.

பேச்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மார்பில் சில்லென்று ஒரு வாய் பதிந்தது.

"ராசா... எஞ் சாமி..."

தலையைத் தேடித் தடவினாள். ஈரமான சுருட்டை மயிர். நீளமான காது. குளிரில் வெடவெடத்துக்கொண்டே அது முட்டி முட்டிக் குடித்தது. அவளால் தள்ள முடியவில்லை. அழுதுகொண்டே முந்தானையை அதன்மேல் போர்த்தினாள். துணி ஒரு கன்றின் முதுகாக எழுந்து நின்றது.

வெளியே, மழையில், காடு வரைக்கும் லாலாங் புல் குளம்பளவு குளம்பளவாக மடங்கி, அந்தத் தடங்கள் கொட்டகையை நோக்கி வந்துகொண்டிருந்தன.