மஞ்சள் தீட்டிய ஜன்னல்கள்

கப்பல் வீட்டைவிட்டுப் போய் மூன்று மணி நேரமாகியும் பசை வாசனை போகவில்லை.

அவள் கூடத்து மேசையை இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பசைப் புட்டியை இறுக்கி மூடி, பழைய பனியன் துணியில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் வைத்தாயிற்று. தரையில் கிடந்த குச்சித் தூளைக் கூட்டி அள்ளிக் கொட்டியாயிற்று. மின்விசிறியும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வெள்ளைப் பசையின் அந்தப் புளித்த பால் வாசனை குறையக் காணோம். போகப் போகக் கூடிக்கொண்டே வந்தது. காய்ந்த பசைக்கு வாசனை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஈரப் பசைக்குத்தான் உண்டு.

மூன்று வாரமாக அந்த மேசை கப்பல் பட்டறையாக இருந்தது. அவளுடைய தம்பிக்கும் அவன் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் சனிக்கிழமைதோறும் ஓர் ஆட்டம் உண்டு. அவளும் அதில் ஒருத்தி. ஆளுக்கொரு வேடம் பூண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதையை வாயாலேயே நடத்திக்கொண்டு போவார்கள். கதை சொல்வது தம்பி. ஆபத்து என்று வந்துவிட்டால் இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணைப் பார்த்து அவன் தீர்ப்புச் சொல்வான். இருபது விழுந்தால் ராஜயோகம். ஒன்று விழுந்தால் தொலைந்தோம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் இதென்ன விளையாட்டு என்று அவள் கணவன் கேலி செய்வான். இப்போது அவன் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறான். கேலி போனில் வருகிறது.

இந்த வாரக் கதையில் கடற்போர். "கட்டம் போட்ட அட்டையெல்லாம் வேணாங்க்கா. நிஜமா ஒரு கப்பல் நிக்கணும். நீதான் பண்ணித் தரணும்" என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் கூடத்தில் பதினொரு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். அரிசி அளவுப் பல்லில் மேடு பள்ளம் செதுக்கும் கைக்குக் கப்பல் எம்மாத்திரம்?

தெர்மகோலில் உடல். ஐஸ் குச்சிகளை நெருக்கி ஒட்டிய மேல்தளம். மூங்கில் குச்சியில் பாய்மரம். பழைய தலையணை உறையைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்துப் பாய். பொம்மைகளை நகர்த்துவதற்காக மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் ஓர் அங்குலக் கட்டங்களை ஊசியால் கீறினாள். ஆட்டக் கணக்கில் ஓர் அங்குலம் என்றால் ஐந்து அடி. மேல்தளத்தைப் பெட்டி மூடி மாதிரித் தூக்கினால் கீழ்த்தளத்தின் அறைகள் தெரிய வேண்டும். அறைகளுக்கு வரைபடம் தேடி அலைய அவளுக்குப் பொறுமையில்லை. டேப்பை எடுத்துத் தன் வீட்டையே அளந்தாள். கூடம் மாலுமிகள் தூங்கும் இடமானது. சமையலறை கப்பலின் சமையலறையானது. மகளின் அறை முன்னறையானது. வீடு அப்படியே கப்பலுக்குள் இறங்கிவிட்டது. "வீட்டையே கப்பலேத்திட்டியாக்கா" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

நாள் நெருங்க நெருங்கக் கை கொஞ்சம் சோம்பல் பட்டது. கீழ்த்தளத்தில் கதவுகளை வெட்டித் திறக்கவில்லை. சுவரில் கத்தியால் கோடு கீறிப் பழுப்பு வண்ணம் பூசிவிட்டாள். வாசல் கதவைக் கீறும்போது கத்தி வழுக்கி, இடது கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு சிராய்ப்பு விழுந்தது. அதையும் விட்டுவிட்டாள். ஜன்னல்களுக்கு மஞ்சள் வண்ணத்தில் மூன்று தீற்றல், அவ்வளவுதான். மேலிருந்து பார்ப்பவன் எவன் இதையெல்லாம் உற்றுப் பார்க்கப் போகிறான்?

வெள்ளிக்கிழமை தம்பி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல்தளம் ஆடுதுக்கா. பொம்மையெல்லாம் சாஞ்சு விழும். பேசாம ஒட்டிடு. கீழ யாரும் போகப் போறதில்ல" என்றான். அவளும் விளிம்பு முழுக்கப் பசையைத் தாராளமாகப் பிதுக்கி, மூடி அழுத்தி, மேலே நாலு தடித்த புத்தகத்தை ஏற்றி வைத்தாள். ஓரங்களில் பசை வெள்ளை வெள்ளையாக மணி கட்டியது.

"பெரிய ட்ரேல வெக்கப் போறேன். ஒண்ணு விழுந்தா ஒரு ஜக்கு தண்ணி ஊத்துவேன். நிஜமாவே மூழ்கணும்" என்றான் தம்பி.

"டேய், மூணு வார உழைப்புடா."

"மூழ்காத கப்பல்ல என்னக்கா சுவாரசியம்?"

இன்று மதியம் அவன் அட்டைப் பெட்டியில் வைத்துக் கப்பலைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அவளும் போக வேண்டியவள்தான். மகளுக்கு மூக்கடைப்பும் காய்ச்சலும். அதனால் தங்கிவிட்டாள்.

"அம்மா!"

முன்னறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். ஏழு வயது. சுண்டுவிரல் அளவுக்குத்தான் பிறந்தாள் என்று வீட்டில் எல்லோருக்கும் அவள் சுண்டு.

"ஜன்னல் திறக்க மாட்டேங்குதும்மா. மூச்சு முட்டுது."

"மூக்கு அடைச்சிருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் மஞ்சளாக நின்றிருந்தது. தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. மழைக்கு மரம் உப்பியிருக்கும். இந்த மாதம் மழையே பெய்யவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அறைக்குள் பசை வாசனை கூடத்தைவிடத் தூக்கலாக இருந்தது.

"அம்மா, என் பொம்மைய எடுத்துட்டுத்தானே மூடினே?"

"எந்தப் பொம்மை?"

"மெழுகுப் பொம்மைம்மா. நான் பண்ணேன்ல."

அவளுக்கு ஞாபகம் வந்தது. செயற்கை ஈறு செய்ய உதவும் இளஞ்சிவப்பு மெழுகு. வேலையிடத்தில் மிஞ்சுவதை அவள் எடுத்து வருவாள். வியாழக்கிழமை சுண்டு அதை உருட்டிப் பிசைந்து தன்னையே ஒரு பொம்மையாகச் செய்து காட்டினாள். குண்டூசியால் குத்திய இரண்டு கண். கிள்ளி வைத்த மூக்கு. "வாய் எங்கடி?" என்று கேட்டதற்கு, "கண்ணும் மூக்கும் வெச்சதுக்கே மூஞ்சி முடிஞ்சுபோச்சும்மா" என்றாள்.

"அதை எங்க வெச்சே?"

"கப்பல்ல. என் ரூம்ல."

தம்பியைக் கூப்பிடப் போனை எடுக்கத் திரும்பினாள். அட, மெழுகு உருண்டைக்கா இந்தப் பாடு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். "மாமாகிட்டச் சொல்லி எடுத்துடலாம். நீ படு" என்று மகளின் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. நெற்றி குளிர்ந்திருந்தது. கொஞ்சம் வழவழவென்றும் இருந்தது.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது.

கனமான ஏதோ ஒன்று கூரைக்கு மேல் உருண்டது. கடகடவென்று உருண்டு, விளிம்பில் புரண்டு, தயங்கி, நின்றது. அது தனி வீடு. மேலே வெறும் மொட்டை மாடி. மாடிப் படிக் கதவின் சாவி அவளுடைய இடுப்பில் இருக்கிறது. சத்தம் நின்றதும் அதற்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு. போர்வைக்குள்ளிருந்து கேட்கும் ஊர்ப் பேச்சு மாதிரி. அதில் "பதினாலு" என்று ஒரு சொல். பிறகு கைதட்டல்.

அவள் கூடத்துக்கு வந்து போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். அவன் எடுக்க மாட்டான், தெரியும். ஆட்டம் தொடங்கினால் எல்லோருடைய போனும் பிஸ்கட் டப்பாவுக்குள் போக வேண்டும். விதியைப் போட்டவள் அவளேதான். நடுவில் ஒருவன் போனை நோண்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காதில் மணி போனது. ஒன்று. இரண்டு.

மூன்றாவது மணியை அவள் காதில் மட்டும் கேட்கவில்லை. மேலேயும் கேட்டது.

கூரைக்கு மேல், தகரத்துக்குள் அடைபட்டு, தம்பியுடைய போனின் அந்த அசட்டு மணி ஒலித்தது. அது ஒலித்தபோது சுவர்கள் அதிர்ந்தன. அவள் போனைத் துண்டித்தாள். மேலேயும் நின்றது. மறுபடி அழுத்தினாள். மேலே மறுபடி ஒலித்தது. யாரோ, "இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். தம்பியின் குரல். அவன் வீடு பத்து நிமிட நடை.

பத்து நிமிடம்தானே. ஓடிப்போய் மேல்தளத்தைப் பிய்த்துவிடலாம். பசை இன்னும் முழுசாகக் காய்ந்திருக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போதும். செருப்புக்கூட வேண்டாம்.

வாசல் கதவின் பிடியில் கையை வைத்தாள். கைக்குப் பிடி அகப்படவில்லை. பிடி இருந்த இடம் தட்டையாக இருந்தது. தடவினாள். கீல் இல்லை. இடுக்கு இல்லை. கதவைச் சுற்றி ஒரு கோடுதான் ஓடியது, கத்தியால் கீறிய ஆழத்துக்கு. பழுப்பு வண்ணம் திட்டுத் திட்டாக இருந்தது. இடது கீழ் மூலையில், அவள் முழங்கை நீளத்துக்கு, வெள்ளையாக ஒரு சிராய்ப்பு.

அவளுடைய கை வழுக்கிய இடம்.

தோளால் இடித்தாள். சுவர் லேசாக அமுங்கித் திரும்ப எழும்பியது. தெர்மகோல் அப்படித்தான் செய்யும். நகத்தால் கீறினாள், நகத்துக்குள் வெள்ளை மணிகள் ஏறின. பிய்த்துவிடலாம், பிய்த்துக்கொண்டே போகலாம் என்று இரண்டு கையாலும் பிறாண்டினாள். உள்ளே இன்னொரு பரப்பு தட்டுப்பட்டது. வெளிப்புறத்துக்கு வலு வேண்டுமென்று அவள் வரிசையாக ஒட்டிய குச்சிகள். இரட்டை வரிசை. மற்றதையெல்லாம் அவசரமாகச் செய்தவள், அதை மட்டும் எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறாள்!

"அம்மா..."

குரல் சன்னமாக வந்தது. அவள் ஓடினாள். முன்னறைக்குள் அவள் கால் வைத்ததும், பின்னால் இருந்த அறை வாசலும் இல்லாமல் போனது. திரும்பிப் பார்த்தாள். ஒரு கோடு. பழுப்பு வண்ணம்.

ஜன்னல் மஞ்சளாக இருந்தது. சாயங்கால வெளிச்சம் இத்தனை நேரம் அப்படியே நிற்காது. கையை வைத்தாள். கண்ணாடி இல்லை. சொரசொரப்பு. மூன்று தீற்றல். மூன்றாவதில் தூரிகையின் ஒரு மயிர் ஒட்டிக் காய்ந்திருந்தது, கயிறு பருமனுக்கு.

கூரையும் சுவரும் சேரும் இடம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பசை மணி கட்டியிருந்தது.

சுண்டு கட்டிலில் சுவரோரம் ஒடுங்கியிருந்தாள். அவளை வாரி எடுத்தாள். கனமே இல்லை. உடம்பு வழவழவென்று குளிர்ந்திருந்தது. கையைப் பிடித்தாள். விரல்கள் பிரியவில்லை.

"பயப்படாதடா கண்ணு. அம்மா இருக்கேன்ல. அம்மா வந்துட்டேன்ல."

"தெரியும்மா" என்றது குழந்தை. உதடு அசைகிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்ல. "பொம்மை தனியா இருந்தா பயப்படும்ல? அதான் உன்னையும் பண்ணி வெச்சேன்."

மேலே பகடை உருண்டது.

கடகடவென்று. நீளமாக. விளிம்பில் புரண்டது. தயங்கியது. மறுபக்கம் சாய்ந்தது. நின்றது.



"ஒண்ணு" என்றான் தம்பி.

எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஜக்கு எதிலோ இடித்துக் கணீரென்றது. இப்போது கத்தினால் கேட்கும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறான். ஒரே ஒரு முறை, "தம்பி" என்று கத்தினால் போதும். அவளுடைய குரல் அவனுக்குத் தெரியாதா? நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறக்கப் போனாள்.

திறக்கவில்லை.

கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. மோவாய் வரை வழவழவென்று மெழுகு. அதில் அழுத்தமாகப் பதிந்த மெல்லிய வரிகள், வளைந்து வளைந்து. ஒரு சின்னக் கட்டைவிரலின் ரேகை.

மடியிலிருந்த குழந்தை நிமிர்ந்து அவளைப் பார்த்தது. குண்டூசியால் குத்திய இரண்டு கண்.

"ஊத்துடா, ஊத்துடா" என்று மேலே சிரித்தார்கள்.

அவள் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தரையில், அவள் ஊசியால் கீறிய கட்டங்களில், சுவரோரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரம்பத் தொடங்கியது.