பூசிய தரை

கார்த்தகட்டின் ஓட்டையில் பூசிக் கல்லாய் இறுகி ஒரு மாதமான பட்டிப்பசை, அந்த மழைநாள் பிற்பகலில், அப்போதுதான் குழைத்து வைத்ததுபோல மணந்தது.

கொட்டகைக் கதவைத் திறந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். தகரக்கூரையில் மழையின் ஓயாத இரைச்சல், சுவரோரத்துத் துருவின் புளித்த வாடை, மங்கிய வெளிச்சத்தில் முதுகு காட்டி நிற்கும் பாட்டன் காலத்துக் கார். இவை அனைத்தையும் மீறித் தொண்டையைக் கமறவைத்தது அந்த நெடி.

அந்தக் காரைப் புதுப்பித்தவர் அவரேதான். மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கு மேல் எதிலும் திருகாணி முடுக்கி அறியாத மனிதர், கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்தே எந்திரத்தைப் பிரித்தார்; பூட்டினார்; ஓடவும் வைத்தார். தொடங்குகிறவனுக்குக் கைத்திறன் வந்துவிடும், ஐயமில்லை. வெட்டும் துணிவுதான் வருவதில்லை. பின்னிருக்கைக்கு முன்னே தரைத்தகடு சல்லடையாய் அரித்துப் போயிருந்தது. அதை வெட்டியெறிந்து புதுத்தகட்டைப் பற்றவைத்திருக்க வேண்டும். ஆசை ஆசையாய் வாங்கிய வண்டியில் வெட்டு விழுவதா என்று மனம் மறுத்தது. வலைத்துணியை ஒட்டினார், பட்டி பூசினார், கறுப்புச் சாயம் அடித்து விரிப்பைப் போட்டு மூடினார். அழுகலின்மேல் அலங்காரம்! எத்தனை வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன!

அவர் வண்டிக்கடியில் படுத்து வேலை செய்கையில், சுண்டெலி என்று அவர் செல்லமாய் அழைக்கும் மகள், பின்னிருக்கையில் அமர்ந்து குதிகாலால் தரையைத் தட்டுவாள்.

"யாரு உள்ளே?"

"எலி பிடிக்க வந்தவன்" என்பார் அவர், கீழிருந்து. அவள் சிரிப்பில் கொட்டகையே நிறையும்.

வெள்ளோட்டத்தன்று ஒரு மேட்டில் வண்டி துள்ளி விழுந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். பின்னிருக்கையில் அவள் இல்லை. தரை இருந்த இடத்தில் சாலை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டையைக் காணப் பொறுக்காமல்தான் சென்ற மாதம் மறுபடியும் பூசினார். யாரையும் ஏய்ப்பதற்கு அல்ல. ஆனால் நேற்று, அவரைப்போலவே பழைய வண்டிமேல் பித்துக்கொண்ட இளைஞன் ஒருவன் தேடி வந்தான். புதிதாகக் கற்கிறவனுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டான். எங்காவது கண்காணாமல் போய்த் தொலையட்டும் என்ற தவிப்பில் நாக்குப் புரண்டது.

"தைரியமா எடுத்துக்கோங்க தம்பி. தரை கெட்டியா இருக்கு."

அவன் போனபின் மனைவி கேட்டாள்: "இதையும் பூசிட்டீங்களா?"

இன்னும் சற்று நேரத்தில் அவன் வந்துவிடுவான். உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும். வண்டியைத் தொடாதே என்ற ஒரே சொல்.

டொக்.

கூரையிலிருந்து சொட்டியிருக்கும் என்று எண்ணினார்.

டொக். டொக்.

கூரையிலிருந்து அல்ல. வண்டிக்கு அடியிலிருந்து.

பின்கதவைத் திறந்தார். விரிப்பை இழுத்து விலக்கினார். சாயம் உரிந்து கிடந்தது. பட்டி ஈரமாய் இருந்தது. அதில் விரல் தடங்கள். சின்னஞ்சிறியவை. பள்ளமாக இல்லை, மேடாக. கீழிருந்து அழுத்தியவை.

வெளியே பேச்சுக்குரல். இளைஞன் தன் மகளோடு வந்திருந்தான். கடைக்காரர் திரும்புமுன், அந்தச் சிறுமி அவரைத் தாண்டிக் குதித்தோடிப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"பாத்தீங்களா அண்ணே, முதலாளியம்மா முதல்ல ஏறிட்டாங்க" என்று சிரித்தபடி அவன் முன்னிருக்கையில் அமர்ந்து சாவியைத் திருகினான்.

சொல்ல வாய் திறந்தார். வாய் நிறைய அந்த நெடி. நாக்கு அசையவில்லை. கல்லாய் இறுகியிருந்தது.

சிறுமி குதிகாலால் தட்டினாள். யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் கேட்டாள்.

"யாரு உள்ளே?"

"எலி பிடிக்க வந்தவ."

மண் அடைத்த குரல். அடியிலிருந்து. சிறுமி கலகலவெனச் சிரித்தாள்.

எந்திரம் உறுமியது. மூடாத கதவு வழியே அவர் கண்டார். ஈரப் பட்டியைப் பிளந்து எழுந்த இரண்டு சிறு கைகள். சாலையில் தேய்ந்து தோலுரிந்த விரல்கள். சிறுமியின் இரு பாதங்களையும் உள்ளங்கையில் ஏந்தி, கனம் தாளாமல் நடுங்கி, விடாமல் தாங்கிக்கொண்டிருந்தன.

வண்டி நகர்ந்தது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது.