பதிவுக் குரல்காரி

மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றான் அந்த ஸ்பீக்கர் மெக்கானிக்.

“உங்க ஸ்பீக்கர் ஆம்பளைக் குரல்ல பேசுதாம்... பார்க்கச் சொன்னாங்க.”

ரயில் நிலைய அறிவிப்பு அறையில் மைக் முன்னால் இருந்தவளுக்குச் சுருக்கென்றது. அவன் பாட்டுக்கு ஒவ்வொரு குமிழாகத் திருகினான்.

“போதும். கோளாறு ஸ்பீக்கர்ல இல்ல. என் தொண்டையில.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “மன்னிச்சிருங்க...” என்று நிமிர்ந்து பார்த்தான். இமையில் மழைத்துளியோடு என்ன கண்கள் அவை... பாழாய்ப்போன மனசு அங்கேயே வழுக்கி விழுந்தது.

பிறகு வயர் பார்க்க, மைக் துடைக்க என்று அடிக்கடி வந்தான். வந்தவன் சும்மா இருக்கக் கூடாதா? ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் ஓடும் பழைய பதிவு, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு...” என்று குழையும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்பான். அவளுக்கு வயிறு எரியும்.

அந்தக் குரலும் அவளுடையதுதான். சினைப்பையில் வளர்ந்த சின்னக் கட்டி ஒன்று ஆண் ஹார்மோனைச் சுரந்து மாதவிலக்கை நிறுத்தியது, மோவாயில் முடி முளைக்க வைத்தது, குரலையும் தடிக்க வைத்தது. புற்றுநோய் இல்லை என்று சொல்லி டாக்டர் அதை எடுத்துவிட்டார். மற்றதெல்லாம் சரியானது. குரல் மட்டும் திரும்பவில்லை. அன்றிலிருந்து தொண்டையை இறுக்கி, மெலிதாக்கித்தான் பேசுகிறாள்; அப்படியும் ஆம்பளைக் குரல் என்கிறார்கள். இதையெல்லாம் அவனிடம் சொல்வதா... ரோஷக்காரி, மாட்டாள்.

ஆனாலும் ஒருநாள் பொறுக்கவில்லை.

“அந்தக் குரல் அவ்ளோ பிடிச்சிருக்கா?”

“எந்தக் குரல்?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. பதிவுல பேசுறாளே... அவ.” கண்ணில் நீர் முட்டியது. “அவ நான்தான். கட்டி வர்றதுக்கு முன்னாடி இருந்த நான்.” சினைப்பையில் தொடங்கித் தொண்டை வரை கொட்டித் தீர்த்தாள். “என் மேலயே எனக்குப் பொறாமை. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க.”

அவன் சிரிக்கவில்லை.

“இப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்ல.”

“அது போதும்.” மைக் துடைக்கும் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றான். “அந்தப் பதிவு ஓடுனா... அடுத்து நீங்க பேசுவீங்க. அதுக்குத்தாங்க நிப்பேன். உங்களைப் பிடிச்சிருக்கு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“எனக்கும்தான்,” என்றாள், கேட்டும் கேட்காமலும்.

வெளியே ரயில் சத்தம் கேட்டது. பதிவு ஓடி முடிந்தது. அவன் அண்ணாந்தான். அவள் மைக்கை இழுத்துக்கொண்டாள். முதன்முறையாகத் தொண்டையை இறுக்காமல், தன் குரலிலேயே பேசினாள்.