கூழில் ஒரு சிட்டிகை

"அத்தை! அதுல இன்னா போடறீங்க?"

பிரீத்தியின் குரலில் சமையலறையே அதிர்ந்தது. மகன் திருமலைக்காகக் கரைத்த கேழ்வரகுக் கூழ்த் தம்ளருக்கு மேலே கன்னியம்மாளின் கை அப்படியே நின்றது. விரல்களுக்கிடையே ஒரு காகிதப் பொட்டலம். அதிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பொடி கூழின்மேல் மிதந்தது.

"ஒண்ணுமில்லடி... உப்பு."

"உப்ப யாராவது பொட்டலமா மடிச்சி முந்தானையில முடிஞ்சிக்கினு திரிவாங்களா? கோயில் துண்ணூறுதானே அது? அவரு ஞானஸ்நானம் எடுத்தவரு அத்தை! தெரிஞ்சும் எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

கன்னியம்மாளின் நெற்றியில் எப்போதும் மூன்று பட்டை திருநீறு இருக்கும். மகன் இயேசுவை ஏற்றுக்கொண்ட பிறகும் அவள் அதை விடவில்லை. மருமகளும் விடச் சொன்னதில்லை. ஆனால் இது வேறு. இது அவன் வாய்க்குள் போகிற விஷயம்!

திருமலை, ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். சிறுவயது முதல் அவனுக்கு வலிப்பு உண்டு. குடியும் சேர்ந்து அவனைப் பாதி ஆளாக்கியிருந்தது. பிரீத்தி அவனுக்காக அழுது ஜெபித்தாள், சபைக்கு அழைத்துப் போனாள். ஒருநாள் குடியை விட்டான். அதற்குப் பிறகு நடந்த உபவாச ஜெபத்தில், 'கர்த்தர் சுகம் தந்துவிட்டார்' என்று அவள் உள்ளத்தில் உறுதியாகப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் வலிப்பு மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். அவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் சொன்னால் சரிதான் என்று நம்பினான். அன்றிலிருந்து இத்தனை மாதங்களில் ஒரு வலிப்புகூட வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் சபையில் மைக்கைப் பிடித்து, கண்ணீர் வழிய அவள் சாட்சி சொல்லியிருந்தாள்.

"இதக் கலந்து குடுத்துட்டு, எங்க சாமிதான் காப்பாத்துச்சின்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருப்பீங்க... அதானே?"

கன்னியம்மாள் பொட்டலத்தை மடித்து மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டாள்.

"தேவசேனா ஊட்டுக்குப் போறேன். அவன பத்திரமா பாத்துக்கோ."

திருச்சானூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மாமியார் கிளம்பியபோது பிரீத்தி தடுக்கவில்லை. கூழைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, தம்ளரை இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள்.

ஒரு வாரம்தான் போனது. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே திருமலை விழுந்தான். கை கால் வெட்டி இழுக்க, தறியின் இரும்பில் மோதி நெற்றி கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் படுக்க வைத்தார்கள். கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி...

"எனக்கு விசுவாசம் பத்தலையா பிரீத்தி? நீ அத்தினி பேர் முன்னால சொன்னியே... உன்னப் பொய்க்காரி ஆக்கிட்டனா?"

அவள் போர்வையை இழுத்து அவன் மார்புவரை மூடினாள்.

டாக்டர் அதே பழைய மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார். அதை வாங்க மெடிக்கலுக்குப் போனபோது கடைக்கார நரசிம்மன் சீட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏமம்மா, மீ அத்தம்மா ராலேதா? உங்க அத்தை வரலியா? ஊருக்குப் போயிருக்காங்களா? மாசாமாசம் இத வாங்கறது அவங்கதானே?"

"எங்க அத்தையா?"

"ஆமாம்மா. பொடி பண்ணி கூழ்ல கலக்கலாமான்னு கேட்டாங்க. டாக்டரக் கேளுங்கன்னு அனுப்பினேன். கேட்டுக்கினு வந்துதான் அப்புறம் வாங்கிக்கினு போனாங்க."

கடை வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். அந்தப் பொட்டலம்... அந்த வெள்ளைப் பொடி... கர்த்தாவே! இத்தனை மாதமும் நான் உமக்கு நன்றி சொன்ன சுகமெல்லாம் அந்தத் தம்ளர் வழியாகத்தான் வந்ததா? அந்தக் கையையா நான் வீட்டைவிட்டு அனுப்பினேன்?

திருமலைக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுக்காரரை வைத்துவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். நாத்தனார் தேவசேனா கோயில் கடைகளுக்குப் பூக் கட்டிக் கொடுப்பவள். வாசலில் கொட்டிக் கிடந்த சாமந்திக் குவியலுக்கு நடுவே கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, மைக்குக்காரி! துண்ணூறுக்காரி ஊட்டுப் படிய மிதிக்கலாமா நீ?" என்றாள் தேவசேனா.

கன்னியம்மாள் மகளை அதட்டவில்லை. மருமகளின் முகத்தைத்தான் பார்த்தாள். நூல் கையிலிருந்து நழுவியது.

"அவன் எப்படி இருக்கான்? வந்துடுச்சா?"

"வந்துடுச்சி அத்தை... தறியில விழுந்துட்டாரு. இப்ப பரவாயில்ல." அதற்குமேல் பிரீத்தியால் நிற்க முடியவில்லை. கல்யாணத்தன்றுகூட, கர்த்தரைத் தவிர யார் காலிலும் விழமாட்டேன் என்று சொல்லி நிமிர்ந்து நின்றவள் அவள். இப்போது சாமந்திப் பூவின்மேலேயே மடிந்து விழப்போனாள். கால்களைத் தொடும் முன்பே கன்னியம்மாள் தோளைப் பிடித்துவிட்டாள்.

"வாணாம்டி... உன் சாமி கோவிச்சிக்கும்!"

"ஏன் அத்தை சொல்லல? நான் அத்தினி பேசினேனே... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"இன்னான்னு சொல்றது? மாத்திரைய நீ கொட்டிட்ட. அத நிறுத்தினா மறுபடியும் வலிப்பு வரும்னு எனக்குத் தெரியும். ஆனா அவன் குடிய வுட்டானே, அது உன் சாமி செஞ்சதுதான். நான் அழுது பார்த்தேன், மண்சோறு துன்னு வேண்டிக்கினேன், வுடலையே அவன். உன் சாமிகிட்ட வந்துதானே வுட்டான்! மாத்திரையாலதான் நல்லா இருக்கறோம்னு தெரிஞ்சா அந்த நம்பிக்க ஒடையும். ஒடைஞ்சா மறுபடியும் பாட்டிலத் தொடுவான். அந்தப் பயம்தான். துண்ணூறுன்னே நெனச்சிக்கோன்னு வுட்டுட்டேன்."

தேவசேனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்தான் அவசரப்பட்டேன் அத்தை," என்று விம்மினாள் பிரீத்தி. "நான் மாத்திரையக் கொட்டினப்போ, கர்த்தர் உங்க கையில எடுத்துக் குடுத்துட்டாரு. எனக்குத்தான் பார்க்கத் தெரியல."

"என்னிய ஒரு வார்த்த கேக்காமயா வேல வாங்கினாரு உன் சாமி?" என்றாள் கன்னியம்மாள். சிரிப்பும் அழுகையுமாக மருமகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரீத்தி மறுபடியும் மைக்கைப் பிடித்தாள்.

"போன தடவ நான் சொன்ன சாட்சியில ஒரு தப்பு இருக்கு. என் வீட்டுக்காரர் மாத்திரை இல்லாம சுகமா இருக்கல. எங்க அத்தை தினமும் எனக்குத் தெரியாம குடுத்துக்கினு இருந்தாங்க. தேவன் எங்களக் கைவிடல. நான்தான் அவர் அனுப்பின ஆளப் பழி சொல்லி வெளிய அனுப்பினேன். நான் சொன்னதக் கேட்டு யாராவது மருந்த நிறுத்தியிருந்தா... தயவு செஞ்சி இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க."

முன் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். பாஸ்டர் தலை குனிந்திருந்தார். கடைசி வரிசையில், நெற்றியில் கட்டோடு திருமலை உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், நெற்றியில் திருநீற்றோடு கன்னியம்மாள்.

மறுநாள் காலை. பிரீத்தி கணவனின் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக் கண்களை மூடினாள். 'சுகம் தாரும்' என்று ஆரம்பித்தவளுக்கு 'மன்னியும்' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஜெபம் நீண்டது. கன்னியம்மாள் கூழ்த் தம்ளரோடு பொறுமையாக நின்றாள்.

"ஆமென்."

"முடிஞ்சுதா?" என்று தம்ளரை நீட்டினாள் கன்னியம்மாள். "மாத்திரைய முழுங்கிட்டு இதக் குடிக்கச் சொல்லு. ஆறிப்போவுது."

திருமலை தம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

"இதுல இன்னாம்மா கலந்த?"

"உப்புடா," என்றாள் அம்மா. "இன்னைக்கு நெசமாவே உப்புதான்."