கட்சி மறந்த ஒரு மணி நேரம்

மறப்பு வளையத்தை மாட்டும் முன் கொண்டை ஊசி, பூ, கட்சித் துண்டு மூன்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது பேரவையின் விதி. மங்கையர்க்கரசி மூன்றையும் தட்டில் வைத்தாள். துடுப்புக் கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து தோளைவிட்டு இறங்காத துண்டு அது. இன்றைக்கு அதைக் கழற்றி வைப்பதில் அவளுக்கு வருத்தமே இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

காரணம், அவள் மகள் வெயினி ஆமைத்தீவில் இருந்தாள். படையில் மருத்துவ உதவியாளர். கப்பல் போகும் வழியைக் காக்க வேண்டும் என்று தென்கடல் குடியரசின் அதிபர் அந்தத் தீவுக்குப் படையை அனுப்பியிருந்தார். கீழைக்கரை நாடு தன் கப்பல்களைக் கொண்டுவந்து தீவைச் சுற்றி நிறுத்திவிட்டது. நாளை விடியும்வரை வழி விடுகிறோம், ஆட்கள் போய்விடலாம், அதற்குப் பிறகு ஒரு தோணிகூட உள்ளே வராது, வெளியே போகாது என்று அறிவித்தும் விட்டது. அதிபர் பின்வாங்க மறுத்துவிட்டார். அவர் துடுப்புக் கட்சிக்காரர். ஆகவே துடுப்புக் கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் அவர் முடிவு வீரமானது என்றார்கள். ஏர்க் கட்சிக்காரர்கள் எல்லோரும் அது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். மங்கையர்க்கரசியும் போன வாரம் ஒரு கூட்டத்தில் வீரமானது என்றுதான் பேசினாள். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை இந்த வளையம்தான்.

அது வந்த கதை பெரியது. சுருக்கிச் சொன்னால், முன்பு நடந்த போர் ஒன்று நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. ஆட்சி மாறியதும் இரண்டு கட்சிகளும் தங்கள் பேச்சுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன. நேற்றுவரை போர் வேண்டும் என்றவர்கள் வேண்டாம் என்றார்கள், வேண்டாம் என்றவர்கள் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுப்பவர்களுக்கு வேலை மிச்சம் என்பதைத் தவிர யாருக்கும் லாபமில்லை. வெறுத்துப்போன மக்கள் வீதிக்கு வந்தபோதுதான் மூளை ஆய்வாளர்கள் இந்த வளையத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற பற்று மூளையில் எந்தப் பாதைகளில் ஓடுகிறதோ, அந்தப் பாதைகளை மட்டும் மெல்லிய மின்னோட்டத்தால் ஒரு மணி நேரம் தூங்க வைக்கும். பெற்ற பிள்ளை மறக்காது. கடலும் கணக்கும் மறக்காது. தன் கட்சி எது, அதிபர் எந்தக் கட்சி என்பது மட்டும் மறந்துபோகும். அரசியலால் பழக்கமானவர்கள் முன்பின் தெரியாதவர்களாகிவிடுவார்கள். போர் பற்றியும் அயல்நாட்டு ஒப்பந்தம் பற்றியும் பேரவை முடிவெடுக்கும்போதெல்லாம் வளையம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. போரைப் பற்றிய விவாதம் ஒன்றுக்கு அது பயன்படப் போவது இன்றுதான் முதல் தடவை.

பக்கத்தில் அருளப்பன் தன் துண்டை மடித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவரும் துடுப்புக் கட்சிதான். அரசியலுக்கு வருமுன் விசைப்படகு ஓட்டியவர். வெயினியின் பூப்புனித நீராட்டுக்குத் தாய்மாமன் இல்லாத குறை தெரியாமல் சீர் கொண்டுவந்து நின்றவர்.

"தங்கச்சி, உள்ள போனா நான் யாருன்னு உனக்குத் தெரியாது. உன்னைய எனக்கும் தெரியாது" என்றார்.

"தெரியாம இருந்தா நல்லதுதாண்ணே. தெரிஞ்சா கட்சி சொன்னபடி கையத் தூக்கணும்."

"அதேதான். புள்ளைங்களக் கூட்டிட்டு வந்துரணும். அத மட்டும் காலைலேருந்து மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன். கட்சி போனாலும் அது போவாது பாரு."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு வளையத்தை மாட்டினாள். காதோரம் சின்னதாக ஒரு குறுகுறுப்பு. அவ்வளவுதான்.

மண்டபத்தில் நடுவில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் இருக்கைகள். யார் எங்கே உட்காருவது என்பதைக் குலுக்கல் இயந்திரம் முடிவு செய்தது. மங்கையர்க்கரசிக்கு இடப்பக்கம் கிடைத்தது. அவளுக்குத் தன் பெயர் தெரிந்தது, ஊர் தெரிந்தது, மகள் தீவில் இருப்பது தெரிந்தது. சுற்றிலும் இருந்தவர்களை யாரென்றே தெரியவில்லை. எல்லோரும் கல்யாண வீட்டில் தவறான பந்தியில் உட்கார்ந்துவிட்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நாடே நேரலையில் பார்த்தது. பார்த்த பலருக்குக் கண் கலங்கியது என்று சொல்கிறார்கள். பேரவையில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கண்டதில்லை.

அவைத்தலைவர் பிரச்சினையை விளக்கினார். தீவு, முற்றுகை, விடியல்வரை கெடு. அதிபரின் ஆணையை மாற்ற வேண்டுமானால் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்றார்.

"யாராவது அந்தப் பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

ஒரு கைகூட உயரவில்லை. மங்கையர்க்கரசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிமிடமே வாக்கெடுத்து முடித்திருந்தால் இந்தக் கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் ஏசி குறுக்கே வந்தது. மூளையின் நுண்ணிய பாதைகளைத் தேடிப் பிடித்துத் தூங்க வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு ஒரு மண்டபத்தைச் சீராகக் குளிர வைக்கத் தெரியவில்லை. இடப்பக்கம் பல் கிட்டியது. வலப்பக்கம் வியர்த்துக் கொட்டியது. மங்கையர்க்கரசிக்குக் குளிர் ஆகாது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. இங்க உட்கார முடியல."

வலப்பக்கத்திலிருந்து கறுத்து உயர்ந்த ஒரு பெரியவர் சட்டைக் காலரைத் தளர்த்தியபடி எழுந்தார். "குறைச்சிடாதீங்க ஐயா. இங்க வெந்துபோய்க் கெடக்கோம். குளிருதுன்னா ஒரு போர்வை கொண்டாரணும்மா. நாலு பேரு வர்ற எடத்துக்கு வீட்டுல இருக்கிற மாதிரியே வந்தா எப்புடி?"

வலப்பக்கம் சிரித்தது. இடப்பக்கம் சிரிக்கவில்லை. மங்கையர்க்கரசிக்கு அருகில் இருந்த குட்டை முடிப் பெண்மணி ஒருத்தி, "என்ன மனுசன் இவரு, ஒரு பொம்பளகிட்ட பேசுற பேச்சா இது?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. பின்வரிசையில் இருந்து ஒருவர் தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்தார். ஏசியைக் குறைப்பதா கூட்டுவதா என்பதிலேயே ஒரு மணி நேரத்தில் கணிசமான பகுதி போய்விட்டது. ஒருவழியாக, இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவானது. இரு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தன.

அதன் பிறகு அந்தப் பெரியவர்தான் மறுபடி எழுந்தார்.

"அந்தத் தீவைச் சுத்திப் பாறை. பெரிய கப்பல் கிட்டப் போவாது. நம்ம கரையில இருக்கிற விசைப்படகு அத்தனையையும் இப்பவே கெளப்புனா விடியறதுக்குள்ள புள்ளைங்களை ஏத்திட்டு வந்துரலாம். பீரங்கியெல்லாம் ஏத்த முடியாது. அது கெடக்கட்டும், விட்டுட்டு வருவோம். இரும்புதான, இன்னொண்ணு செஞ்சுக்கலாம்."

மங்கையர்க்கரசியின் மனம் ஒரு கணம் துள்ளியது. சரியான பேச்சு என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் அதைச் சொன்ன வாய்தான் போர்வை கொண்டுவரச் சொன்ன வாய். அவர் உட்காரும்போது வலப்பக்கம் மேசையைத் தட்டிய விதமும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"விட்டுட்டு வர்ற பீரங்கிய நாளைக்கு நம்ம மீனவங்க மேலயே திருப்புவாங்களே. யோசிச்சுப் பேசுறாரா இவரு?" என்றாள் குட்டை முடிக்காரி.

அது நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததுதான் வினையாகிப் போனது. இடப்பக்கத்தில் ஆளுக்கு ஆள் அதையே சொல்லத் தொடங்கினார்கள். 'நம்ம பக்கத்துல யாராச்சும் எழுந்து பேசணும்' என்றார்கள். வளையத்தை மாட்டி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் நம்ம பக்கம் என்று ஒன்று முளைத்துவிட்டது. எல்லோரும் மங்கையர்க்கரசியைப் பார்த்தார்கள். அவமானப்பட்டவள் அவள்தானே.

அவள் எழுந்தாள்.

"என் மக அந்தத் தீவுலதான் இருக்கா" என்றாள். "அவ திரும்பி வரணும்னு இங்க இருக்கிற யாரையும்விட எனக்குத்தான் ஆசை. ஆனா ஆயுதத்தைப் போட்டுட்டு ஓடிவந்தவன்னு நாளைக்கு ஒருத்தன் அவளச் சொல்லக் கூடாது. கடற்படைக் கப்பலை அனுப்புவோம். இன்னும் ரெண்டு நாள் அவகாசம் கேப்போம். பீரங்கியோட, கொடியோட கௌரவமாத் திரும்பி வரட்டும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இடப்பக்கம் எழுந்து நின்று கைதட்டியது. குட்டை முடிக்காரி அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கைதட்டலில் அவளுக்குக் குளிர்கூட மறந்துவிட்டது.

"அவகாசம் குடுக்க மாட்டாங்கம்மா" என்றார் எதிர்ப்பக்கத்துப் பெரியவர். குரலில் இப்போது கெஞ்சல் இருந்தது. "கப்பல் பாறையில ஏறிரும். நான் அந்தக் கடல்ல ஓடுனவன். உம் மகதான அங்க இருக்கா. நான் சொல்றதக் கேளு தாயி."

"எங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்" என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. மங்கையர்க்கரசியும் தலையாட்டினாள்.

வாக்கெடுப்பு நடந்தது. முதலில் விசைப்படகுத் தீர்மானம். வலப்பக்கம் முழுவதும் கை உயர்ந்தது. மங்கையர்க்கரசியின் கையும் மடியைவிட்டு எழுந்தது. வெயினி சின்ன வயதில் தூக்கச் சொல்லி நீட்டுகிற கைகள் ஏனோ அப்போது நினைவுக்கு வந்தன. அவள் கை தோள்வரை வந்துவிட்டது. அப்போது குட்டை முடிக்காரி திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, "நீங்களுமா?" என்கிற மாதிரி ஒரு பார்வை. மங்கையர்க்கரசி உயர்ந்த கையால் சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

சரிபாதி. ஒரு வாக்குக் குறைந்ததால் தீர்மானம் விழுந்தது.

அடுத்து மங்கையர்க்கரசியின் தீர்மானம். இடப்பக்கம் முழுவதும் கை உயர்ந்தது. வலப்பக்கம் ஒரு கைகூட அசையவில்லை. அதுவும் சரிபாதி, அதுவும் விழுந்தது. இரண்டும் விழுந்துவிட்டதால் அதிபரின் ஆணையே நிற்கும் என்று அவைத்தலைவர் அறிவித்தார். பிள்ளைகள் திரும்ப வேண்டும் என்றுதான் அந்த மண்டபத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் வாக்களித்திருந்தார்கள். மறுபடி விவாதிக்க நேரம் இல்லை. வளையங்கள் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டு அணைந்தன.

நினைவு திரும்பியது. தன் கை யாருடைய கையில் இருக்கிறது என்று மங்கையர்க்கரசி குனிந்து பார்த்தாள். ஏர்க் கட்சியின் பிரசாரப் பீரங்கி நச்செள்ளை. அவள் மீது மங்கையர்க்கரசி அவதூறு வழக்கே போட்டிருந்தாள். இருவரும் சூடு பட்டதுபோலக் கையை விலக்கிக்கொண்டார்கள்.

பிறகு அவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். அருளப்பன் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்கவும் மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைபாதையைக் கடந்து அவரிடம் போக அவளுக்குக் கால் வரவில்லை. அவர்தான் வந்தார்.

"போர்வைன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது தங்கச்சி" என்றார்.

"அண்ணே, என் கை பாதி வந்துச்சுண்ணே" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

வெளியே இரு கட்சிப் பேச்சாளர்களும் ஒலிவாங்கி முன் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரு கட்சியும் பாதிப் பாதியாக இருந்திருக்கிறது. யாரைத் திட்டுவது? ஆனால் தெருவுக்கு அந்தத் திணறல் இல்லை. டீக்கடைகளில் அதற்குள் குளிர்ப்பக்கம், வெக்கைப்பக்கம் என்று பிரிந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு கட்சி இருந்த நாட்டில் சாயங்காலத்துக்குள் நாலு கட்சி ஆகிவிட்டது.

விடிந்ததும் தீவின் தகவல் கம்பிகளை அறுத்துவிடுவார்கள் என்பதால், படையினர் வீட்டுக்குப் பேச அன்று இரவு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். திரையில் வெயினியின் முகம் தெரிந்தது. வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நேரலையில பாத்தோம். எல்லாரும் மெஸ்ஸுலதான் இருந்தோம்."

மங்கையர்க்கரசி வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தாள். "கண்ணு, நான் ஒண்ணு சொல்லணும்..."

"இரும்மா, நேரம் கொஞ்சந்தான் இருக்கு, நான் சொல்லிடறேன். இங்க ஒரே ரகளை. படகுல போயிருக்கணும்னு பாதிப் பேரு, கௌரவமாத்தான் போகணும்னு பாதிப் பேரு. ராத்திரி சாப்பாட்டுக்குக்கூடத் தனித்தனியாத்தான் உக்காந்தோம். எங்கூட வேலை பாக்குறாளே தாமரைநங்கை, அவ அந்தப் பக்கம். அவகிட்ட நான் பேசறதில்ல."

"வெயினி..." என்றாள் அம்மா. "நீ எந்தப் பக்கம் உக்காந்தே?"

மகள் கேலியாகப் புருவத்தை உயர்த்தினாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் இருந்தது.

"உன் பக்கந்தாம்மா. நீ பேசி முடிச்சதும் மொதல்ல கை தட்டினதே நான்தான்."